பயந்தவரின் குற்றம்

'டிஜிட்டல் கைது' என்ற மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி முகநூலில் நம்மவர்கள் எழுதுவதைப் படித்தால் மனம் கசந்து போகிறது. பாதிப் பேர் சர்க்காரை ஏசுகிறார்கள், மீதிப் பேர், "படித்தவருக்கு இதுகூடவா தெரியாது?" என்று ஏமாந்தவரையே பரிகாசம் செய்கிறார்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையில் காக்கி உடுப்பு. பின்னால் போலீஸ் ஸ்டேஷன் போன்ற ஜோடனை. "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள்! யாரிடமும் பேசக் கூடாது. காமிராவை அணைக்கக் கூடாது!" என்று அதட்டல். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், சொந்த வீட்டிலேயே சிறை. கடைசியில், கணக்கைச் 'சரிபார்ப்பதற்காக'ச் சேமிப்பு முழுவதையும் அனுப்பி விடுகிறார்.

பேராசையால் ஏமாறுகிறவர்கள் உண்டு. இவர் அந்த ரகமல்ல, பயந்தவர். அந்தப் பயத்தைத் திருடனா கற்றுக் கொடுத்தான்? போலீஸ்காரர் வாசற்படி ஏறினாலே மானம் போயிற்று என்று நடுங்கும் குடும்பங்களில்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்? "எந்தச் சட்டப்படி?" என்று அதிகாரியிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்லவா! திருடன் அந்த முதலை வைத்துத்தான் வியாபாரம் செய்கிறான்.

சர்க்கார் சும்மா இருக்கவில்லை. 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தால், பணம் கைமாறிப் போவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. சட்டத்தில் இப்படியொரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்தார். நல்லதுதான். ஆனால், எச்சரித்த பிறகும் ஏமாந்தால் அது உன் பாடு என்று கைகழுவிவிடவும் அந்த எச்சரிக்கை உதவும். நிஜமான போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகாருடன் போகும் அந்த ஆசிரியைக்கு, "ஏம்மா இப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு முன்னால் உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா? சர்க்காரை ஏசுகிறவர்களும் அதைக் கேட்கக் காணோம்.