பூகம்பம் யாருடைய பாவத்திற்குத் தண்டனை?



2023 பிப்ரவரி 6, அதிகாலை 4.17 மணி. தெற்குத் துருக்கியும் வடக்குச் சிரியாவும் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் 7.8 அளவில் பூமி அதிர்ந்தது. சுமார் ஒன்பது மணி நேரம் கழித்து 7.5 அளவில் இன்னொன்று. துருக்கியில் மட்டும் 53,000க்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். சிரியாவில் பல ஆயிரம் பேர்.

இப்படி எங்கே நடந்தாலும் நம் கைபேசிக்கு ஒரு செய்தி வந்துவிடும்: "அங்கே பாவம் பெருகிவிட்டது, அல்லாஹ்வின் கோபம் இறங்கிவிட்டது." அனுப்புகிறவர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார். ஆனால் அதை நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பும் முன் சற்று நில்லுங்கள். அந்தாக்கியாவில் ஹபீபுந் நஜ்ஜார் பள்ளிவாசலும் அன்று இடிந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளைகளும் இறந்தார்கள். இடிபாட்டில் சிக்கி இறப்பவரை ஷஹீத்களின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் சேர்த்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. அவர்கள் ஷஹீத் என்று சொன்னவரைத் தண்டிக்கப்பட்டவர் என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் தந்தது?

"மத்யன் வாசிகளைப் பூகம்பம் பிடித்ததாகக் குர்ஆனிலேயே இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது தண்டனை என்பது அல்லாஹ் சொன்னதால் நமக்குத் தெரியும். அங்கே ஒரு நபி எச்சரித்திருந்தார். ஷுஐப் (அலை) அவர்களும் ஈமான் கொண்டவர்களும் காப்பாற்றப்பட்டார்கள். இன்றைய பூகம்பத்தைப் பற்றி நமக்கு எந்த வஹீயும் வரவில்லை.

ஆனால் மத்யன் மக்கள் செய்த குற்றம் என்ன? அளவையிலும் நிறுவையிலும் குறைத்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2010 ஜனவரியில் ஹைட்டியில் 7.0 அளவில் பூகம்பம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே சிலியில் 8.8. வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 500 மடங்கு. இறந்தவர்களோ ஐந்நூற்றுச் சொச்சம் பேர், அவர்களிலும் பலரைக் கொண்டுபோனது சுனாமி. இரண்டுமே கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். பாவக் கணக்கில் இதை எப்படி விளக்குவீர்கள்? சிலி 1960இல் 9.5 அளவுப் பூகம்பத்தைக் கண்ட நாடு. அதன் பிறகு கட்டட விதிகளைக் கடுமையாக்கி, அவற்றை நடைமுறைப்படுத்தவும் செய்தது. ஹைட்டியில் அப்படி ஒரு கண்காணிப்பே இல்லை.

துருக்கியிலும் விதிகள் இருந்தன. 1999இல் 17,000க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அவை இன்னும் இறுக்கப்பட்டன. ஆனால் 2018இல், தேர்தலுக்கு முன், விதி மீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தினார்கள். கம்பியைக் குறைத்தவர், கான்கிரீட்டில் தரம் குறைத்தவர், கடைக்கு இடம் வேண்டுமென்று கீழ்த்தளத்துத் தூணை வெட்டியவர் எல்லோரும் மத்யன்காரர்களின் வேலையைத்தான் செய்தார்கள். ஒரு வித்தியாசம்: இங்கே குறைத்தவர் ஒருவர், மேல்தளம் சரிந்து நசுங்கியவர் வேறொருவர்.

"எல்லாம் கத்ர் ஹஜ்ரத், நம் கையில் என்ன இருக்கிறது?" என்பார்கள். அம்வாஸ் கொள்ளைநோய் நேரத்தில் உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குள் நுழையாமல் திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டதற்கு, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். ஹதாய் மாகாணத்து எர்ஸின் ஊரில் அன்று உயிர்ச்சேதம் இல்லை. சட்டவிரோதக் கட்டடங்களுக்கு இடம் கொடுக்கவில்லை என்றார் அதன் மேயர். நிலத்தின் தன்மையும் ஒரு காரணம் என்கிறார்கள் நிலவியலாளர்கள், இருக்கட்டும்.

"அல்லாஹ்வின் கோபம்" என்று நாம் சொல்லி முடிக்கும்போது யார் நிம்மதியாக மூச்சு விடுகிறார் தெரியுமா? அந்தக் கான்ட்ராக்டரும், கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்ட அதிகாரியும். அவர்கள் தவ்பா செய்யலாம், ஹஜ்ஜுக்கும் போகலாம். ஆனால் இது ஹுகூகுல் இபாத், அடியார்களின் உரிமை. பாதிக்கப்பட்டவரிடமே மன்னிப்புக் கேட்டாக வேண்டும். அவர்களோ குடும்பம் குடும்பமாகக் கப்ரில் இருக்கிறார்கள்.