நிலையாமையும் நாளைய வேலையும்

மார்பகத்தில் தோன்றிய புற்றணுக்கள் இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை முதலிய உறுப்புகளை அடைந்து அங்கே வளரத் தொடங்கிய கட்டத்தை மருத்துவர்கள் நான்காம் நிலை மார்பகப் புற்றுநோய் என்பர். இந்நோயை முற்றாக நீக்குவது பெரும்பாலும் இயலாது. எனினும் ஹார்மோன் சிகிச்சையும், புற்றணுக்களின் குறிப்பிட்ட இயல்புகளைக் குறிவைக்கும் மருந்துகளும் பலருக்கு அதைப் பல ஆண்டுகள் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. ஆகவே இந்நோயுடன் வாழும் பெண் குணமடைந்தவரும் அல்லர், இறுதிப் படுக்கையில் இருப்பவரும் அல்லர். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் இடைப்பட்ட சில மாதங்களே அவர் ஓரளவு நம்பித் திட்டமிடக்கூடிய காலமாக இருக்க, மாத்திரை, களைப்பு, மூட்டுவலி, சமையல், அலுவலகம், பிள்ளையின் தேர்வு எல்லாம் அதற்குள்ளேயே நடந்தாக வேண்டியுள்ளது.

இத்தகைய வாழ்வுக்குச் சமயங்கள் சொல்லக்கூடியது என்ன? திருக்குறளில் நிலையாமை அதிகாரம் துறவறவியலில் இடம்பெற்று, அதை அடுத்துத் துறவு வைக்கப்பட்டிருப்பதால், நிலையாமையை உணர்ந்தவர் பற்றை விடுவார் என்ற வரிசை புலப்படுகிறது. பௌத்தத்தின் மரணசதியும், அதாவது மரணத்தை இடையறாது நினைக்கும் தியானமும், சாவை மறந்து திரியும் மனத்தை விழிக்கச் செய்வதற்கே ஏற்பட்டது. மறக்கவே இயலாதவருக்கு அந்த விழிப்பு புதிதாக எதையும் தருவதில்லை. அவரிடம் பற்றை விடச் சொல்வது, நோய் ஏற்கெனவே பறித்துக்கொண்டிருப்பதை அவரே கையளிக்கச் சொல்வதாகிவிடும்.

இதற்கு வேறொரு விடையை அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டின் வாழ்வில் காணலாம். 1978இல் மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அவர், நோய் கல்லீரலுக்குப் பரவியிருப்பதை 1984 பிப்ரவரியில், ஐம்பது வயது நிறையும் தறுவாயில், அறிந்தார். அவ்வாண்டே பெர்லினில் பாடம் நடத்திய அவர், ஜெர்மானியக் கறுப்பினப் பெண்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதத் தூண்டினார். அவர்கள் அவ்வாறு எழுதிய நூல் 1986இல் வெளிவந்தது. நோயுடன் வாழ்ந்த அந்நாட்களின் குறிப்புகளை 1988இல் நூலாக்கி, 1992 நவம்பரில் மறையும்வரை எழுதினார். நிலையாமையை அவரும் முழுமையாக உணர்ந்திருந்தார். ஆனால் அவ்வுணர்வு அவரைச் செயலை விட்டு விலக்காமல், எந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது என்று தெரிவு செய்யவே பழக்கியது. துறவுக்கு இணையான ஞானமாகவே இதைக் கொள்ள வேண்டும்.

நோயை வினைப்பயன் என்று நோயாளியின் காதுபடப் பேசுவது, பற்றை விடச் சொல்வதைவிடக் கொடிது. பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தின் மோலிய சீவக சூத்திரத்தில் புத்தர், நுகரும் துன்பம் யாவும் முன்வினையால் வருவதே என்ற கொள்கையை மறுத்து, பித்தம், கபம், வாதம், பருவ மாற்றம் முதலியவற்றையும் காரணங்களாகக் கூறுகிறார்.

எனினும் எலும்புவலி மிகுந்த நாளில் லார்டின் வழியும் ஒருவருக்கு எட்டாமல் போகலாம். அப்போது கேள்வி நோயாளியை விட்டுச் சூழ இருப்பவர்களிடம் வந்துசேர்கிறது. பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான வினய பிடகத்தின் மகாவக்கத்தில், வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த துறவியைக் கண்ட புத்தர், தம் சீடர் ஆனந்தரை நீர் கொண்டுவரச் செய்து, இருவருமாக அவரைக் கழுவிப் படுக்கையில் கிடத்திய பிறகே சங்கத்தைக் கூட்டி, தாயும் தந்தையும் உடனில்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்ற பொருள்படக் கேட்கிறார்.