விரலும் காதும்

கச்சிராயபாளையத்தில் சில நாள் தங்கியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை. விடியற்காலையில் பக்கத்து வீட்டுப் பெண் வீணையில் சரளி வரிசை வாசிப்பாள். மாயாமாளவகௌளை, மூன்று காலம். பிசகே கிடையாது. 'என்ன சிரத்தை!' என்று வியந்தேன்.

ஒரு நாள் எட்டிப் பார்த்தால், எதிரே வாரப் பத்திரிகை! கை வாசிக்கிறது, கண் தொடர்கதை படிக்கிறது. கதை என்னுடையதுதான் என்பதில் கொஞ்சம் சந்தோஷம் வந்ததையும் மறைப்பானேன்?

மேல்நாட்டிலும் இது உண்டு. பியானோவுக்கென்று ஹானன் 1873-ல் அறுபது விரல் பயிற்சிகள் வெளியிட்டார். அதற்கும் முன்பே, 'பயிற்சியின்போது புத்தகம் படிக்கலாம்' என்ற வித்வான் கால்க்பிரென்னர். ஷூமன் 1830-களில் விரலைப் பலப்படுத்தக் கருவி ஒன்றை மாட்டிக்கொண்டார். வலது கை விரல் வழங்காமல் போயிற்று. கருவிதான் காரணமா என்பதில் சர்ச்சை உண்டு. வாசிப்பு வித்வானாகும் எண்ணத்தைவிட்டு, இசை அமைப்பதில் இறங்கினார் என்பதில் இல்லை.

விரலுக்கு நல்லது கெட்டது தெரியாது. நூறு தரம் செய்ததைப் பிடித்துக்கொள்ளும், பிசகானாலும் சரி. காது அங்கே இல்லாவிட்டால் அதைக் கேட்பார் யார்? காது இல்லாத உழைப்பு உழைப்புத்தானா?

அவளிடமே கேட்டேன்.

"கதை இல்லேன்னா நான் வீணைகிட்ட உட்காரவே மாட்டேன், மாமா" என்றாள்.

அடுத்த வாரத்து அத்தியாயத்தை அன்று எழுத முடியவில்லை.