தோளின்மேல் இருந்த கை



சில வாரங்களுக்கு முன் நம் தாயில்பட்டியில் ஒரு வீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தேன். அவ்வீட்டுத் தலைவர் பட்டாசு வேலையில் விபத்துக்குள்ளாகி இறந்தவர். செபம் முடிந்தபின், பதினோராம் வகுப்பில் படிக்கும் மகன், "எங்க அப்பா படம் பாருங்க சாமி" என்று தன் டேப்லெட்டைக் கொண்டுவந்து காட்டினான். திரை முழுவதும் தகப்பனாரின் உருவம். நல்ல சிரித்த முகம். ஆனால் அவருடைய தோளின்மேல் ஒரு கை இருந்தது. மணிக்கட்டு வரையில்தான் கை. அதற்கப்பால் ஆளைக் காணோம்.

"யார் கை தம்பி இது?" என்றேன்.

"சித்தப்பா கை சாமி. முழுப் படமும் திரையில அடங்கலை. வெட்டிட்டேன்."

தாய் தலையைக் குனிந்துகொண்டார். நட்டஈட்டுப் பணத்தின் பொருட்டு உண்டான மனக்கசப்பால் அவ்விரண்டு வீடுகளும் பேசுவதில்லை. அவர்கள் சம்மதம் பெற்று, பெயர் குறிக்காமல் இதை எழுதுகிறேன். ஏனெனில் அந்தக் கை அன்றுமுதல் என் மனதை விட்டு அகலவில்லை.

பையன் சொன்னது பொய்யன்று. அந்தப் படம் ஆறு அங்குல அகலமும் நான்கு அங்குல உயரமும் உள்ள சாதாரண ஸ்டூடியோ அளவு. அவனுடைய டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 10 பங்கு, உயரம் 16 பங்கு. படத்தின் உயரம் திரையை நிறைக்க வேண்டுமானால், ஆறு அங்குல அகலத்தில் இரண்டரை அங்குலம் மட்டுமே உள்ளே நிற்கும். மீதி வெளியே போயாக வேண்டும். எல்லாத் திரைகளும் ஒரே வடிவத்தில் இல்லை. சில டேப்லெட்டுகள் 4-க்கு 3. சில 16-க்கு 10. இக்காலத்துப் போன்கள் பல 20-க்கு 9 என்று ஒடுங்கி நீண்டவை. ஒன்றுக்குப் பொருந்தும் படம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

பொருந்தாத படத்தைப் பொருத்த மூன்று வழிகள் உண்டு. முதலாவது, இழுப்பது. படம் முழுவதும் திரையை நிறைக்கும். ஆனால் முகம் நீண்டோ அகன்றோ கோணலாகிவிடும். இரண்டாவது, வெட்டுவது. மிஞ்சியது அழகாயிருக்கும், ஆனால் யாராவது ஒருவர் காணாமற்போவார். மூன்றாவது, உள்ளபடியே அடக்குவது. படம் முழுமையாக நிற்கும். மேலும் கீழும் வெறும் கறுப்புப் பட்டை விழும். இந்த மூன்றாவது வழியை மிகச் சிலரே விரும்புகிறார்கள். இடம் வீணாகிறது என்பது அவர்கள் குறை.

"படத்தை வெட்டுவது பாவமா சாமி?" என்று அந்தத் தாய் கேட்டார். நல்ல கேள்வி. திருஇருதய ஆண்டவர் படத்தையும் தேவமாதா படத்தையும் போன் திரையில் வைத்திருக்கும் நம்மில் பலருக்கும் அது உரியதே.

787-ம் ஆண்டு கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் ஒரு காரியத்தைத் தெளிவாகத் தீர்த்து வைத்தது: படத்துக்குச் செய்யும் வணக்கம் மரத்திலும் வர்ணத்திலும் நின்றுவிடுவதில்லை, அதில் எழுதப்பட்டவரைச் சென்று சேருகிறது. ஆகையால் காகிதத்தில் இருந்தாலும் கண்ணாடித் திரையில் இருந்தாலும் படம் படமே. அதைத் திரையில் வைப்பது குற்றமன்று. அளவுக்காக ஓரத்தை நறுக்குவதும் குற்றமன்று. பாஸ்போர்ட் படத்தில் தோளுக்குக் கீழே இல்லை என்று யாரும் வருந்துவதில்லை. ஆனால் மரியாதை படத்தில் உள்ளவரைச் சென்று சேருமானால், அவமரியாதை மட்டும் எங்கே போகும்? ஆதலால் எதை வெட்டுகிறோம் என்பதோடு, எந்தக் கருத்தோடு வெட்டுகிறோம் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இது டேப்லெட் வந்தபின் பிறந்த சோதனையன்று. இத்தாலியா தேசத்து மிலான் நகரில், மடத்துச் சாப்பாட்டறைச் சுவரில் லெயோனார்தோ தா வின்சி என்பவர் ஆண்டவருடைய கடைசி இராப்போசனத்தை வரைந்தார். 1495-ல் தொடங்கி 1498-ல் முடிந்த அந்தச் சித்திரம் ஏறக்குறைய 880 சென்டிமீட்டர் அகலமும் 460 சென்டிமீட்டர் உயரமும் உள்ளது. 1652-ல் அந்தச் சுவரில் வாசல் வேண்டுமென்று இடித்தார்கள். போனது எது? மேசைக்கடியில் இருந்த சேசுநாதருடைய பாதங்கள். செய்தவர்கள் விரோதிகளல்லர். வசதி வேண்டியிருந்தது, அவ்வளவே. சீஷர்களுடைய பாதங்களைக் கழுவிய அந்த இரவைக் காட்டும் படத்தில், ஆண்டவருடைய பாதங்களே வசதிக்காகப் போய்விட்டன!

ஒல்லாந்து தேசத்து ரெம்பிராண்ட் 1642-ல் தீட்டிய 'இரவுக் காவல்' என்னும் பெரிய படத்தை 1715-ல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது, சுவரில் அடங்கவில்லை என்று நாலு பக்கமும் வெட்டினார்கள். இடது ஓரத்தில் நின்றவர்கள் போனார்கள். வெட்டிய துண்டுகள் இன்றுவரை அகப்படவில்லை. பழைய பிரதி ஒன்றைக்கொண்டு, அந்தப் பகுதிகளைக் கம்ப்யூட்டர் மூலம் மறுபடி உண்டாக்கி 2021-ல் பக்கத்தில் பொருத்திக் காட்டினார்கள். வெட்ட ஒரு நாள் போதும். அதை ஈடுசெய்ய முந்நூறு ஆண்டுகள் சென்றன.

வெட்டுவதைப்பற்றி நம் பக்கத்தாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டி லேபிளில் பிழைத்து, காலண்டரில் வளர்ந்தது சிவகாசி அச்சுத் தொழில். கட்டிங் மிஷினில் வேலை செய்பவர் யாரையும் கேளுங்கள். நல்ல அச்சகத்தில் முகத்தையும் எழுத்தையும் ஓரத்தில் கொண்டுபோய் வைக்கமாட்டார்கள்; கத்திக்கென்று ஓரத்தில் கொஞ்சம் விட்டே அச்சடிப்பார்கள். ஓரத்தில் இடம் விடத் தெரியாதவன் படத்தைக் கெடுப்பான்.

இன்னும் ஒன்று. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெறும் நிலம் விடவேண்டும் என்பது சட்டம். கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு அது வீண் இடம். ஆனால் ஓர் அறை தீப்பற்றும் நாளில் அடுத்த அறையில் இருப்பவருடைய உயிரைக் காப்பது அந்த வெறும் நிலமே. அறைக்குள் ஆளை நெருக்கி, வெளியே இடத்தைச் சுருக்கிய பேராசைக்கு எத்தனை பிணங்களை நாம் கொடுத்திருக்கிறோம்! 2021 பிப்ரவரி 12-ந் தேதி அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் மட்டும் இருபதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். வெற்றிடம் எல்லாம் வீண் அல்ல என்பதை உலகத்துக்குச் சொல்லத்தக்கவர்கள் நாமே.

பிரியமானவர்களே, நாமும் நம் உள்ளத்தின் சிறிய திரைக்கு எல்லாவற்றையும் பொருத்தப் பார்க்கிறோம். சர்வேசுரனை இழுக்கிறோம்: நாம் கேட்டதைக் கேட்டபடி தருபவராக அவர் முகத்தை நீட்டுகிறோம். அவரை வெட்டுகிறோம்: ஆசீர்வதிக்கும் கையை வைத்துக்கொண்டு சிலுவையை வெளியே தள்ளுகிறோம். ஆனால் உயிர்த்த சேசுநாதர் தம் காயங்களை நீக்கிவிட்டுச் சீஷர்களுக்குத் தோன்றவில்லை. தோமையாருக்கு அவற்றையே காட்டினார். பிறனையும் அப்படியே வெட்டுகிறோம். நமக்கு அவன் செய்த ஒரு தீமையை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டு நன்மையை ஓரத்தில் நறுக்கி எறிகிறோம். கேட்டால், இடம் இல்லை என்கிறோம்.

ஒருவர் கேட்கலாம்: "துரோகம் செய்தவன் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டுமென்று கட்டாயமா?" கட்டாயமில்லை. மன்னிப்பது வேறு, காயத்தைத் தினமும் கிளறுவது வேறு. ஆனால் அந்தப் படத்தில் உள்ளது துரோகமன்று. தம்பி ஒருவன் அண்ணன் தோளில் கை போட்டு நின்ற ஒரு நாள் அது. அந்த நாள் மெய்யாகவே இருந்தது. பின்னால் வந்த சண்டை பெரிதுதான். எனினும் நடந்ததை நடக்காததாக்க அதற்கு வல்லமையில்லை. தம்பியை வெட்டியதால் அந்தச் சிரிப்பின் காரணத்தையும் அல்லவா வெட்டிவிட்டோம்?

இதையே அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பழைய படத்தைத் தேடி எடுத்து, முழுவதுமாக வைத்துப் பார்த்தான். திரையில் பாதிக்கு மேல் கறுப்பு. தகப்பனார் முகம் சிறுத்துவிட்டது. "நல்லா இல்லை சாமி" என்றான். சட்டென்று டேப்லெட்டைப் படுக்கையாகத் திருப்பினான். படம் ஏறக்குறைய முழுத் திரையையும் நிறைத்து நின்றது. இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு மட்டும். அண்ணனும் தம்பியும் அதில் அடங்கினார்கள். படத்தில் ஒன்றும் மாறவில்லை. பிடித்தவன் திருப்பிப் பிடித்தான், அவ்வளவே. மனந்திரும்புதல் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே, அதற்கு இதைவிட எளிய விளக்கம் நான் கண்டதில்லை.

சித்தப்பா இன்னும் அந்த வீட்டுக்கு வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அதுவும் ஒரு வெட்டு ஆகிவிடும். வருகிற நவம்பர் 2-ந் தேதி, மரித்த விசுவாசிகளின் நினைவுநாளில், கல்லறையில் இரு வீட்டாரும் நிற்பார்கள். அவர்களுக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

அதற்கு முன்னே உங்கள் வீட்டுச் சுவரிலோ, பெட்டியிலோ, போனிலோ உள்ள படங்களை ஒருமுறை பாருங்கள். ஆளில்லாத கை எதன்மேலாவது இருக்கிறதா?

உங்கள் பங்குக்குரு