கொழுத்த கன்றுக்கு முன்



லூக்கா 15ஆம் அதிகாரத்தைக் கேட்டவுடன் எல்லாருக்கும் ஊதாரி மகன்தான் நினைவுக்கு வருவான். நான் இன்று பூனையைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள். நம் ஊர் வாகரையில் பூனை சுற்றாத மீன்வாடி எது? கடுவன் என்றால் பெட்டையைத் தேடிக் கிழமைக்கணக்கில் போய்விடும். சிலது யாரோ பூட்டிவிட்டுப் போன அறைக்குள் அகப்பட்டுக்கொள்ளும். பிறகு ஒரு விடியற்காலை எலும்பும் தோலுமாகக் குசினி வாசலில் வந்து நிற்கும். "பாதர், பூனை வந்திட்டு, மறுகா என்ன செய்யிற?" என்று கேட்கிற பிள்ளைகள் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்றைய நற்செய்தியிலேயே பதில் உண்டு.

வேதாகமம் பூனைக்கு அதிகம் இடம் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். தோபியாவோடு வழிநெடுக நடந்துபோகிற பாக்கியம் நாய்க்குக் கிடைத்தது. பூனையோ பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில் பொய்த் தெய்வச் சிலைகளின்மேல் ஏறித் திரிகிறது. எழுதியவர் பூனை வளர்த்தவராக இருக்க வேண்டும்.

ஊதாரி மகனின் தகப்பனைக் கவனியுங்கள். மகன் வழியெல்லாம் பாடமாக்கி வந்த மன்னிப்புப் பேச்சை அவர் முழுதாகச் சொல்ல விடவில்லை. எங்கே கிடந்தாய், காசு என்னாயிற்று என்ற கேள்வியும் இல்லை. திரும்பி வந்தவனை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டால் எப்படியிருக்கும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்க்காலத்தில், 2006 நவம்பரில், கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்த சனங்கள்மேல் ஷெல் விழுந்தது. 2007 ஜனவரிக்குள் இந்தக் கரையே வெறுமையானது. மாடு, நாய், பூனை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் ஓடினீர்கள். திரும்பி வந்தபோது பதிவும் சோதனையும் காத்திருந்தன.

பூனையை விடாமல் ஓடியவர்களும் உண்டு. 2015இல் ஈராக்கின் மோசுலிலிருந்து தப்பிய ஒரு குடும்பம், குன்குஷ் என்ற வெள்ளைப் பூனையையும் தூக்கிக்கொண்டு கடல் கடந்தது. கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் படகை விட்டு இறங்கிய கையோடு பூனை தப்பி ஓடிவிட்டது. அகதிகளுக்கு உதவ வந்திருந்த தொண்டர்கள் அதைக் கண்டெடுத்தார்கள். முதலில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். பெர்லின் வழியாக அனுப்பி, 2016 பெப்ரவரியில் நோர்வேயில் அந்தக் குடும்பத்தின் கையிலேயே கொடுத்தார்கள்.

நீங்களும் திரும்பி வந்த பூனையின் உடம்பை முதலில் பாருங்கள். பாதம் தேய்ந்திருக்கிறதா, நகம் பிய்ந்திருக்கிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா? கழுத்திலும் வாலடியிலும் விரலால் தடவுங்கள். கடுவன் கடித்த காயம் வெளியே ஊசித்துளையளவுதான் தெரியும், உள்ளே சீழ் கட்டியிருக்கும். உடனே குளிக்க வார்க்காதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். நோகிறதே என்று பனடோல் கொடுக்கவே கூடாது. ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும். வெளியில் அதைக் கடித்தது விசர்நாயா என்று நமக்குத் தெரியாது. ஆகவே உங்களைக் கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைக்கு ஊசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள்.

அடுத்தது சாப்பாடு. இங்கேதான் அன்பு பிழை விடும். திரும்பி வந்த மகனுக்காகத் தகப்பன் அடிக்கச் சொன்ன கொழுத்த கன்று பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஆகாது. அன்றிரவு மகன் எவ்வளவு சாப்பிட்டான் என்று லூக்கா எழுதவில்லை. விருந்தும் ஆடலும் வீட்டாரின் சந்தோசத்துக்கு. பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் இரத்தத்தின் உப்புச் சத்துகள் தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். எலியாவை நினைத்துப் பாருங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியடியில் படுத்தவரை வானதூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், தூங்க விட்டார், மறுபடி எழுப்பிக் கொடுத்தார். அப்படித்தான் கொடுக்க வேண்டும். உப்பில்லாமல் அவித்து முள்ளெடுத்த மீன் கொஞ்சம், சில மணி நேரம் கழித்து இன்னும் கொஞ்சம், பக்கத்தில் எப்போதும் தண்ணீர். பால்மா கரைத்து வைக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றால் போகும். வந்து ஒருநாளாகியும் வாயே வைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். சாப்பிடாத பூனைக்குக் கொழுப்பு ஈரலில் படியும், முரசு மஞ்சளிக்கும். மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மனிசருக்கே மருந்துக்குக் காசில்லாத இடத்தில் பூனைக்கா இத்தனை பாடு என்று சிலர் நினைப்பீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் மனிதருக்குரிய அன்பைப் பிராணிக்குக் கொடுத்துவிடாதே என்று எச்சரிக்கிறதுதான். ஆனால் பிராணிகளைக் காரணமின்றி வதைப்பது மனித மாண்புக்கே இழுக்கு என்பதும் அதே பகுதியில் இருக்கிறது. நான் கேட்பது ஒரு துண்டு மீனும், சத்தமில்லாத ஒரு மூலையும், ஒரு பெட்டியில் கடற்கரை மணலும். வாகரையில் இதில் எதற்குப் பஞ்சம்?

இனி, தம்பிக்கு வைத்த விருந்துக்குள் வர மறுத்த மூத்த மகன். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் வந்ததைப் பார்த்துச் சீறும், அடிக்கப் பாயும். பொறாமை என்று அதைத் திட்டாதீர்கள். வெளியே கிடந்ததன் மணம் மாறிப்போயிருக்கிறது. கூடப்பிறந்ததையே அடையாளம் தெரியவில்லை. வந்ததைத் தனி அறையில் விடுங்கள். வருத்தமில்லை என்று வைத்தியர் சொன்ன பிறகு, ஒரே துணியால் இரண்டையும் மாறி மாறித் தடவி விடுங்கள். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு வையுங்கள். நற்செய்தியில் தகப்பன் மூத்தவனிடமும் வெளியே வந்து கெஞ்சினார்; அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை. உங்கள் பூனைகளுக்கும் சில கிழமை பிடிக்கலாம். பிடிக்கட்டும், வலிந்து ஒன்றாகப் போடாதீர்கள்.

எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.