வண்டலின்மேல் உட்கார்ந்திருக்கிறாயா?



வேதத்தில் ‘வண்டல்’ என்றொரு வார்த்தை உண்டு. திராட்சரசம் பொங்கி அடங்கினபின் ஜாடியின் அடியில் தங்குகிற கசடு அது. எபிரெயுவில் ‘ஷெமாரிம்’. காத்துக்கொள்ளுதல் என்று அர்த்தமுள்ள ‘ஷாமார்’ என்ற சொல்லோடு அதை அநேகர் சேர்த்துச் சொல்லுகிறார்கள். கசடுக்கும் காவலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ரசம் கொஞ்சகாலம் வண்டலின்மேல் இருந்தால் கெடாமல் ருசி ஏறும். அளவுக்கு மிஞ்சி அங்கேயே கிடந்தால் நாற்றம் பிடிக்கும். அதனால் தெளிவை மட்டும் மறு பாத்திரத்தில் வார்ப்பார்கள்.

மூலபாஷையில் இந்த ஒரே வார்த்தை இரண்டு விதமாய் வருகிறது. ஏசாயா 25:6ல் அது தேவன் சகல ஜனங்களுக்கும் ஆயத்தம்பண்ணும் விருந்தின் ரசம். வண்டலின்மேல் பழமையாகிப் பின்பு தெளிந்தது. எரேமியா 48:11லோ அது மோவாபின்மேல் குற்றச்சாட்டு. சிறுவயதுமுதல் அசையாத சுகம். ஒருநாளும் வேறு பாத்திரம் கண்டதில்லை. செப்பனியா 1:12ல் வண்டலில் உறைந்துபோனவர்கள், தேவன் நன்மையும் செய்யார், தீமையும் செய்யார் என்று மனதுக்குள்ளே சொல்லிக்கொண்டவர்கள்.

அப்படியானால் தொந்தரவில்லாத வாழ்க்கை ஆசீர்வாதமா, ஆபத்தா? அமைதி தேவன் தருகிற ஈவுதான். ஆனால் பக்கத்துவீட்டு அழுகை நம் காதில் விழாத அளவுக்கு அமைதி வந்துவிட்டதென்றால், வாசனை மாறத் தொடங்கிவிட்டது.

ஒரு சகோதரி என்னிடம், “பாஸ்டர், மூணு வருஷத்துல நாலு வீடு மாறிட்டோம். எங்களை மட்டும் ஏன் இப்படி அலைக்கழிக்கிறார்?” என்று கேட்டார்கள். “கர்த்தர் உங்களை வார்க்கிறார், சந்தோஷப்படுங்கள்” என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எரேமியா அந்த வார்த்தையைச் சொன்னது சுகமாய் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து. அலைகிறவளைப் பார்த்து அல்ல. அதே அதிகாரத்தில் மோவாபுக்காக அழுகிற குரலும் கேட்கிறதே! இந்த வசனம் என் முகத்தைப் பார்க்கிற கண்ணாடி. அடுத்தவர்மேல் எறிகிற கல்லாக அதை எடுக்கக்கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரசத்தை வார்க்கிறவன் தரையில் கொட்டமாட்டான். ஏந்திக்கொள்ள மறு பாத்திரத்தை முதலில் வைப்பான். அலைகிற குடும்பத்துக்கு அந்த மறு பாத்திரம் எது? சபைதானே! சாமான் தூக்க இரண்டு வாலிபர், முதல்நாள் ராத்திரிக்குச் சாப்பாடு, அட்வான்ஸ் பணத்தில் ஒரு பங்கு. இதற்கு எழுந்திருக்கிறவன் வண்டலை விட்டு எழுந்திருக்கிறான்.

பிரியமானவர்களே, இந்த வாரம் யாருக்கு நீங்கள் பாத்திரமாயிருப்பீர்கள்? கர்த்தர்தாமே உங்களை எழுப்புவாராக. ஆமென்.