பெயர் கொடுத்துவிட்டுப் போனவர்

1988. லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலம். கிழக்கு லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் நான், காலடியில் ஒரு ஹீற்றர், தட்டில் ஒரு பழைய றேடியோ. இரண்டு மணிக்குப் பிறகு வாகனங்கள் குறைந்துவிடும். அப்படியொரு நேரத்தில்தான் அந்த வாத்திய இசையைக் கேட்டேன். கடல் மூச்சு விடுவதுபோல டிரம்ஸ். அதன்மேல் ஒரு கிற்றார், எந்த அவசரமும் இல்லாமல். பாட்டு இனி வரும், இனி வரும் என்று காத்திருந்தேன். வரவேயில்லை. சில்லறை எண்ணிக்கொண்டிருந்த அண்ணை நிமிராமலே சொன்னார்: "தம்பி, பாடுறவன் இண்டைக்கு லீவு போல."

அது 'அல்பற்றோஸ்'. 1968 கடைசியில் வெளிவந்து, அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போன இசைத்தட்டு. வாசித்தது ஃப்ளீற்வூட் மக் குழு. ஆக்கியவர் பீற்றர் கிறீன். எங்கள் பெற்றோல் நிலையத்திலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய பெத்னல் கிறீனில், 1946இல், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்துமூன்று வயதில், புகழின் உச்சியில், தான் தொடங்கிய குழுவை விட்டுப் போனவர்.

அவர் செய்தது துறவா, நோயா? இந்தக் கேள்வியை முப்பது வருடங்களுக்கு மேலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு இசையிலிருந்து வந்ததல்ல, வீட்டிலிருந்து வந்தது. என் பெரியப்பா ஒருநாள் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டுக் கதிர்காமத்துக்குப் போனவர். ஊர் அவரைச் சாமியார் என்றது. பெரியம்மா அவருடைய கடனைப் பத்து வருடம் கட்டினா. அவ என்ன நினைக்கிறா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கிறீனின் கதைக்கு வருகிறேன். 1966இல் ஜோன் மேயோலின் புளூஸ்பிறேக்கர்ஸ் குழுவில் எரிக் கிளப்ரன் விட்டுப்போன இடத்துக்கு வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அடுத்த வருடமே தனிக்குழு. டிரம்ஸுக்கு மிக் ஃப்ளீற்வூட் இருந்தார். பேஸ் கிற்றாருக்கு ஜோன் மக்வீயைக் கேட்டார். மக்வீயோ மேயோலிடம் கிடைத்த நிரந்தரச் சம்பளத்தை விட யோசித்தார். கிறீன் இருவருடைய பெயரையும் ஒட்டவைத்துக் குழுவுக்கு ஃப்ளீற்வூட் மக் என்று பேர் வைத்துவிட்டார். 1967 ஓகஸ்டில் வின்ட்சர் விழாவில் முதல்முறை மேடையேறியபோது பேஸ் வாசித்தவர் பொப் பிறன்னிங். பெயரில் பாதியான மக்வீ சில வாரங்கள் கழித்துத்தான் வந்தார். கூட்டம் வந்தது கிறீனுக்காக. முதல் இசைத்தட்டின் அட்டையில் 'பீற்றர் கிறீனின் ஃப்ளீற்வூட் மக்' என்றே போட்டார்கள். ஆனாலும் குழுவின் பெயருக்குள் அவர் இல்லை.

அவருடைய வாசிப்பும் அப்படித்தான். அந்தக் காலத்து லண்டன் கிற்றார்காரர்கள் வேகத்தில் போட்டி போட்டார்கள். கிறீன் ஒரு சுரத்தை வைத்துவிட்டு விலகி நிற்பார். அடுத்த சுரம் வரவேண்டிய இடம் காலியாக இருக்கும். அந்தக் காலியில் கேட்பவர் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அவர் கையிலிருந்தது 1959ஆம் ஆண்டுக் கிப்சன் லெஸ் போல். கம்பிகளின் ஒலியை வாங்கும் அதன் பிக்கப்புகளில் ஒன்றில் காந்தம் தலைமாறி இருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒலிகள் ஒன்றையொன்று பாதி தின்று, மூக்கால் அழுவதுபோன்ற ஒரு மெலிந்த குரல் மிஞ்சும். பழுது என்று திருத்தக் கொடுத்திருக்கலாம். அவர் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

தொடக்கத்தில் அவர்கள் வாசித்தது மிசிசிப்பி, சிக்காகோ கறுப்பினத்தவரின் புளூஸ். குழுவின் இன்னொரு கிற்றார்காரர் ஜெரமி ஸ்பென்சர், புளூஸ்காரர் எல்மோர் ஜேம்ஸை உரித்து வைத்ததுபோல ஸ்லைட் வாசிப்பார். 1969 ஜனவரியில் சிக்காகோவுக்கே போய், செஸ் ஸ்ரூடியோவில் வில்லி டிக்சன், ஒற்றிஸ் ஸ்பான் போன்ற மூத்தவர்களோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தார்கள். ஆனால் அந்த வருடமே கிறீன் அந்த வாசலைத் தாண்டிவிட்டார். 'ஓ வெல்' முதற்பாதியில் முரட்டு ரொக். பின்பாதியில் ஸ்பானியக் கிற்றாரோடு ஏறக்குறைய தேவாலயத்து அமைதி. 1970இல் வந்த 'கிறீன் மனலீஷி'யில் ஒரு பேய் வருகிறது. அந்தப் பேய் பணம் என்று அவரே விளக்கினார்.

அப்போது நீண்ட அங்கி, கழுத்தில் சிலுவை என்று யூத வீட்டுப் பிள்ளை மேடையேறிக்கொண்டிருந்தார். தேவைக்கு வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தைக் கொடுத்துவிடுவோம் என்று மற்றவர்களையும் கேட்டார். அவர்களுக்கு மனம் வரவில்லை. மார்ச்சில் மியூனிக்கில் ஒரு பணக்கார ஹிப்பி வீட்டில் எல்.எஸ்.டி. மே மாதம் குழுவை விட்டு வெளியே. எல்லாம் அந்த ஒரு வீட்டில்தான் கெட்டது என்று நண்பர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஒரே இரவில் ஒரு மனிதன் உடைவான் என்று நான் நம்பவில்லை.

பிறகு நடந்ததைப் புனிதக் கதையாக்க விரும்புகிறவர்கள் பலர். கையிலிருந்ததைக் கொடுத்தார், கல்லறைக் குழி தோண்டினார், மருத்துவமனையில் சிப்பந்தியாக இருந்தார் என்பது அவர்களுக்குப் போதும். பட்டினத்தார் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் அதே மனிதருக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள், மின்னதிர்ச்சிச் சிகிச்சை கொடுத்தார்கள். 1977 ஜனவரியில் தன் கணக்காளரைத் துப்பாக்கியால் மிரட்டிய வழக்கில் மாட்டி, மனநல மருத்துவமனைக்குப் போனார். மருந்து மயக்கத்தில் கிற்றாரைத் தொட முடியாமல் கிடந்த வருடங்களைத் தவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிடித்துக்கொள்ளக் கையில் பலம் இருக்கும்போது விடுவதுதான் விடுதல்.

இந்தக் கணக்கில் பார்த்தால் கிறீனின் துறவு 1970இல் நடக்கவில்லை. 1967இல், தெளிந்த புத்தியோடு, வயிறு நிறையக் கனவோடு இருந்த இருபது வயதில், தன் குழுவுக்கு மற்றவர்களின் பெயரை வைத்தபோதே நடந்துவிட்டது. ஒவ்வொரு பாட்டிலும் வாசிக்காமல் விட்ட சுரங்களில் நடந்தது. அங்கியும் சிலுவையும் வந்த நேரத்தில் நோயும் வந்துவிட்டது. எது எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

விட்டுப்போனது அவர் மட்டுமல்ல. 1971 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலிஸில் புத்தகக் கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பிய ஜெரமி ஸ்பென்சர் திரும்பவில்லை. சில நாள் தேடியபின் 'கடவுளின் பிள்ளைகள்' என்ற மதக்குழுவில் மொட்டைத் தலையோடு கண்டுபிடித்தார்கள். மேடைகள் ஒப்புக்கொண்டாயிற்று, என்ன செய்வது? கிறீனைத்தான் கூப்பிட்டார்கள். வந்து வாசித்து, அந்தச் சுற்றை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். என் பெரியப்பா திரும்பி வந்து ஒரு தவணையாவது கட்டியிருந்தால் நானும் அவரைச் சாமி என்றிருப்பேன். மூன்றாவது கிற்றார்காரர் டனி கேர்வனை 1972இல் குழுவே நீக்கியது. குடியும் தெருவுமாகப் பிறகு பல வருடங்கள் போயின.

மிஞ்சியவர்கள் பெயருக்குரிய இருவர். வள்ளுவர் இல்லறத்தை முன்னுக்கும் துறவறத்தைப் பின்னுக்கும் வைத்தது ஏன் என்று எனக்கு விளங்கியது இவர்களைப் பார்த்துத்தான். யாரோ ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். 1974இல் முகாமையாளர், பெயர் தனக்குத்தான் சொந்தம் என்று சொல்லி, குழுவில் ஒருநாளும் இல்லாத வாத்தியக்காரர்களை அதே பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பினார். சக்கரமா தேர், அச்சா தேர், இல்லை தேர் என்பது வெறும் பெயரா என்று மிலிந்த அரசனுக்குப் பௌத்த பிக்கு நாகசேனர் விளக்கியதை இவர்கள் வழக்கறிஞர் வைத்து விளக்க வேண்டி வந்தது. பெயர் தப்பியது. குழு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே லின்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்ரீவி நிக்ஸும் சேர்ந்தார்கள். கிறிஸ்ரின் மக்வீ 1970 முதலே இருந்தார். புளூஸ் கரைந்து, வெயில் காயும் பொப் இசை வந்தது. 1977 பெப்ரவரியில், கிறீன் கைதான சில நாட்களில், 'றூமர்ஸ்' வெளியாகி நான்கு கோடிக்கு மேல் விற்றது. குழுவுக்குள் இரண்டு சோடிகள் பிரிந்துகொண்டிருந்தபோது செய்த வேலை அது. என் இல்லற உவமை இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது என்பது எனக்கும் தெரியும். இசையாகக் கேட்டால் அதில் காலி இடமே இல்லை, எல்லாம் நிரம்பி வழிகிறது. எனக்குப் பிடிக்கும். இரவு இரண்டு மணிக்குப் போட மாட்டேன்.

கிறீனைப் பணம் விட்டுவைக்கவில்லை. அவருடைய 'பிளக் மஜிக் வுமன்' பாட்டை 1970இல் கார்லொஸ் சந்தானா உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அந்தப் பழைய லெஸ் போல் கிற்றாரைக் கிறீன், கிற்றார்காரர் கரி மூரிடம் சொற்ப விலைக்குக் கொடுத்திருந்தார். கைமாறிக் கைமாறி இன்று மெற்றாலிக்காவின் கேர்க் ஹமெற்றிடம் இருக்கிறது. கிறீன் 2020 ஜூலை 25இல், எழுபத்துமூன்று வயதில், நித்திரையிலேயே காலமானார்.

1998 ஜனவரியில் அமெரிக்காவின் ரொக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் ஃப்ளீற்வூட் மக் குழுவைச் சேர்த்தார்கள். அதே இரவில் சந்தானாவின் குழுவையும் சேர்த்தார்கள். கிறீன் போயிருந்தார், மேடையும் ஏறினார். சந்தானாவோடு நின்று 'பிளக் மஜிக் வுமன்' வாசித்தார். ஃப்ளீற்வூட் மக் வாசித்தபோது அவர் மேடையில் இல்லை.